பேரும் அரைப்பேரும்

செஞ்சிக் கோட்டையைப் பற்றி நம் கல்லூரி மலரில் ஆண்டுதோறும் யாராவது ஒருவர் எழுதத்தான் செய்கிறார்கள். இராசகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் வளைத்து ஓடும் மதிலையும், 1714-ல் ஆர்க்காட்டு நவாபின் படையோடு பொருது மாண்ட இராசா தேசிங்கையும் அறியாதவர் நம்முள் எவருமிலர். அவற்றை நான் மீண்டும் எழுதப் போவதில்லை. செஞ்சியிலிருந்து வடமேற்கே அவலூர்பேட்டைக்கு வந்து, அங்கே ஒரு கூலிக்காரரின் வரலாற்றைத் தேடிய கதையைச் சொல்லவே பேனாவை எடுத்தேன். அந்தக் கூலிக்காரர் எனக்கு ஐந்து தலைமுறைக்கு முந்தியவர். என் தாத்தாவின் தகப்பனாருக்கு அவர் பாட்டன்.

இதைத் தொடங்கி வைத்தவர் எங்கள் வரலாற்றுத் துறைப் பேராசிரியர் ஒருவர். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓர் ஆங்கில அதிகாரி கேட்டுக்கொண்டபடி செஞ்சியைச் சேர்ந்த நாராயண பிள்ளை என்பவர் கர்நாடக ராசாக்களின் சரித்திரத்தை எழுதி வைத்தார் என்பதையும், அது மெக்கன்சி திரட்டிய சுவடிகளோடு காப்பாற்றப்பட்டு வந்தது என்பதையும் வகுப்பில் கூறினார். காலின் மெக்கன்சி ஸ்காட்லாந்தின் வடமேற்கே கடலுக்குள் கிடக்கும் லூயிஸ் தீவில் பிறந்து, 1815-ல் இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளராக உயர்ந்தவர். ஊர் ஊராக ஆளை அனுப்பிக் கைபீதுகளையும் கல்வெட்டுப் படிகளையும் அவர் திரட்டினார். "அரசர்களின் கதையைக் காப்பாற்ற ஸ்காட்லாந்திலிருந்து ஒருவர் வந்தார். உங்கள் வீட்டுக் கதையைக் காப்பாற்ற நீங்கள்தான் வரவேண்டும். அவரவர் குடும்ப வரலாற்றை மூன்று தலைமுறைக்காவது எழுதி வாருங்கள்" என்று பேராசிரியர் பணித்தார்.

மூன்று தலைமுறை என்றால் எளிது என்றுதான் எண்ணினேன்.

எங்கள் வீடு அவலூர்பேட்டையில் 'சிலோன்காரர் வீடு' என்று வழங்கப்படுகிறது. 1974-ல் என் ஆயாவும், தாத்தாவும், தாத்தாவின் தகப்பனாரும் இலங்கையிலிருந்து வந்து இறங்கினார்கள். ஆயாவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. தலைமன்னாரில் 'இராமானுஜம்' கப்பல் ஏறி, இராமேசுவரத்தில் கால் வைத்து, மண்டபம் முகாமில் சில நாள் தங்கி, பிறகு இங்கே வந்தார்கள். அவர்களோடு புறப்பட்டவர்களில் பலர் நீலகிரிக்குச் சென்று அரசுத் தேயிலைத் தோட்டங்களில் மறுபடியும் கொழுந்து பறிக்கலானார்கள். ஆனால் ஆயாவின் மாமனார், "நமக்கு ஊர் இருக்கிறது, அவலூர்பேட்டை இருக்கிறது" என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டாராம். அவர் அதுவரை அவலூர்பேட்டையைக் கண்ணால் கண்டதில்லை. அவருடைய தகப்பனாரும் கண்டதில்லை.

வந்த இடத்தில் இவர்களை அறிந்தவர் ஒருவருமில்லை. சித்தகிரி முருகன் கோவில் அடிவாரத்திலும் வாரச் சந்தையிலும் நின்றுகொண்டு, இன்ன குடும்பத்தார் யாரும் உண்டா என்று மாமனார் பல நாள் விசாரித்தாராம். நூறு ஆண்டுக்கு முன் போனவனின் பங்காளி யார் என்று எவரால் கூற முடியும்? கேட்டவர்கள் சிரித்துக்கொண்டு மாட்டு விலை பேசப் போய்விட்டார்கள். மலைச்சரிவில் கூடை கட்டிக் கொழுந்து கிள்ளிய ஆயா, அந்த ஆண்டிலேயே வெயிலில் குனிந்து மல்லாட்டை பிடுங்கப் பழகிக்கொண்டாள். "அங்க குளுருல கை வெறைக்கும், இங்க மண்ணு சுடும், அவ்ளோதான் பாப்பா வித்தியாசம்" என்று இன்றும் சிரிப்பாள். அவ்வளவுதான் வித்தியாசம் என்று நான் நம்பவில்லை.

பேராசிரியர் சொன்ன வேலைக்காக நூலகத்தில் இலங்கைத் தேயிலையின் வரலாற்றைத் தேடினேன். அங்கே எனக்கு இன்னொரு ஸ்காட்லாந்துக்காரர் கிடைத்தார். இவர் மெக்கன்சியைப் போலப் பெரிய உத்தியோகஸ்தர் அல்லர், நாட்டுப்புறத்து ஏழை வீட்டுப் பிள்ளை. பெயர் ஜேம்ஸ் டெய்லர். 1835-ல் ஸ்காட்லாந்தின் கிழக்குப் பகுதியில், கின்கார்டின் வட்டாரத்தில், ஆக்கின்பிளே என்னும் சிற்றூர்ப் பக்கம் பிறந்தவர். தகப்பனார் வண்டிச் சக்கரம் செய்யும் தச்சர். தாய் இவர் சிறுவனாக இருக்கும்போதே இறந்துவிட்டார். பதினாறு வயதில் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, 1852-ல் இலங்கைக்கு வந்து, கண்டிக்குத் தென்கிழக்கே லூல்கந்துர என்னும் தோட்டத்தில் வேலைக்கு அமர்ந்தார். அப்போது அங்கே விளைந்தது காப்பி. 1867-ல் அத்தோட்டத்தில் பத்தொன்பது ஏக்கரில் அவர் தேயிலை பயிரிட்டார். இரண்டே ஆண்டில் காப்பி இலையில் பூசண நோய் தோன்றித் தீவின் காப்பித் தோட்டங்களையெல்லாம் சிறிது சிறிதாகத் தின்று தீர்த்தது. அதன்பின் எல்லாரும் டெய்லர் காட்டிய வழியில் தேயிலைக்குத் திரும்பினார்கள். இன்று நாம் குடிக்கும் 'சிலோன் டீ'யின் தொடக்கம் அதுதான்.

டெய்லரின் பெருமையைப் பாட நான் வரவில்லை. என்னை வியக்க வைத்தது வேறு. ஒரு தச்சர் மகனைப் பற்றி இவ்வளவும் எப்படித் தெரிகிறது? அவர் பிறந்த நாள் தெரிகிறது, குடிசை இருந்த இடம் தெரிகிறது, தாயின் பெயர் தெரிகிறது. அவர் தந்தைக்கு எழுதிய கடிதங்கள் எடின்பரோவில் ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தில் இருக்கின்றன!

காரணத்தைத் தேடிப் பார்த்தபோது இரண்டு மூன்று செய்திகள் கிடைத்தன. அந்நாட்டில் ஒவ்வொரு திருச்சபைப் பங்கிலும் பள்ளி ஒன்று நடத்த வேண்டும் என்று 1696-லேயே சட்டம் செய்தார்கள். சட்டம் செய்த உடனே எல்லா ஊரிலும் பள்ளி முளைத்திருக்காது. ஆயினும் வண்டித் தச்சர் வீட்டுப் பிள்ளைக்கு எழுத்து வந்தது அதனால்தான். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என்று பங்குக் குரு பதிவேடு எழுதி வந்தார். 1855 முதல் பிறப்பையும் இறப்பையும் அரசாங்கமே கட்டாயமாகப் பதியலாயிற்று. 1841 முதல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கில் வீட்டுக்கு வீடு ஒவ்வொருவர் பெயரும், வயதும், தொழிலும் எழுதப்பட்டு, அந்தத் தாள்கள் பத்திரமாக வைக்கப்பட்டிருக்கின்றன. நிலமில்லாமல், சந்தையில் போய் நின்று ஆறு மாதத்துக்கொரு பண்ணைக்கு ஆள் சேர்ந்து, மாட்டுக் கொட்டிலுக்குப் பக்கத்தில் படுத்துக் கிடந்த உழவுக் கூலிக்கும் அதில் ஒரு வரி உண்டு. அவன் பேரப்பிள்ளைகள் இன்று ஒரு பிற்பகலில் உட்கார்ந்து ஐந்து தலைமுறையைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

நம் நாட்டிலும் 1881 முதல் பத்தாண்டுக்கொரு முறை தலை எண்ணினார்கள். எண்ணிக்கை அச்சாயிற்று. சாதிவாரியாக, தொழில்வாரியாக, தாலுக்காவாரியாக அட்டவணை போட்டார்கள். கூட்டி முடிந்ததும் பெயர் எழுதிய தாள்களை அழித்துவிட்டார்கள். தென்னார்க்காடு ஜில்லாவில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று அறியலாம். எவரெவர் இருந்தார்கள் என்று அறிய முடியாது.

சரி, கடல் கடந்து போனவர்களுக்காவது பதிவு உண்டா? உண்டு, ஆனால் எல்லாருக்கும் இல்லை. 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நெட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஏறத்தாழ 1,52,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். நம் வட, தென் ஆர்க்காட்டு ஜில்லாக்களிலிருந்து சென்றவர்கள் அவர்களில் மிகப் பலர். அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுக்கா, கிராமம், உடம்பிலுள்ள தழும்பு என்று கப்பல் பட்டியலில் எழுதினார்கள். மாட்டுக்குச் சுழி பார்ப்பது போல மனிதனுக்குத் தழும்பு பார்த்திருக்கிறார்கள் என்று படிக்கும்போது நெஞ்சு கொதிக்கிறது. ஆனாலும் அந்தத் தழும்பைக் கொண்டு இன்று ஒருவன் தன் பாட்டனைக் கண்டுகொள்கிறானே என்று எண்ணும்போது பொறாமையும் வருகிறது. எங்கள் மூத்தவர் நெட்டாலுக்குப் போகவில்லை. அவர் போனது கண்டிக்கு.

கண்டிச் சீமைக்குப் போக ஒப்பந்தமும் வேண்டியதில்லை, கப்பல் பட்டியலும் இல்லை. கங்காணி ஒருவர் ஊருக்கு வருவார். முன்பணம் கொடுப்பார். அந்தப் பணம் 'பற்று' என்று அவர் கணக்கில் ஏறும். பிறகு கூட்டமாக நடை. இராமேசுவரம் வரை நடந்து, தோணியில் மன்னாருக்குக் கடந்து, அங்கிருந்து காட்டு வழியாக மறுபடியும் பல நாள் நடந்து, தம்புள்ளை தாண்டி மாத்தளையை அடைய வேண்டும். வாந்திபேதியில் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில்தான் இந்தக் கூட்டம் பெருகிற்று. 1877-ஆம் ஆண்டில் மட்டும் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இலங்கைக்குக் கடந்தார்கள். "தாது வருசத்துல, ஏரி காஞ்சு, நண்டுகூட இல்லாம நடந்து வந்தவங்க நம்ம வம்சம்" என்று மாமனார் சொல்லுவாராம். எங்கள் குடும்பத்தின் எழுதப்படாத சரித்திரத்தில் ஆண்டு குறித்துச் சொல்லத்தக்க ஒரே வாக்கியம் அது.

ஆயாவிடம் தோட்டத்துக் கதைகளைக் கேட்கத் தொடங்கியபோது ஒரு சொல் அடிக்கடி வந்தது. "அன்னிக்கு மழ, அரைப்பேருதான் கெடச்சிது." "மூணு நாளா பேரு இல்ல." எனக்கு முதலில் விளங்கவில்லை. "என்ன ஆயா பேரு?" என்றேன்.

"பேருன்னா பேருதான் பாப்பா. காலைல பெரட்டுக்களத்துல நின்னா கணக்கப்புள்ள பேரு போடுவாரு. சாயங்காலம் கொழுந்து நெறுத்து, எட கொறஞ்சா அரைப்பேரு. அரைநாள் கூலி. முழுசா எடுத்தா ஒரு பேரு."

வேலை செய்த ஒரு நாளுக்கு அங்கே 'பேர்' என்று பெயர்! செக்ரோலில் பெயர் எழுதி அதற்கு நேரே கோடு போட்டால் ஒரு நாள் கூலி. பெயருக்கு வேறு பயன் அங்கே இல்லை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இன்னொரு வழக்கமும் வந்தது. தோட்டத்தின் பதிவெண்ணும் கூலியின் எண்ணும் குத்திய தகர வில்லை ஒன்றைக் கழுத்தில் கட்டி ஆளைத் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். வழியில் பெயரைச் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. தகரத்தைக் காட்டினால் போதும்.

1892 மே மாதம் ஜேம்ஸ் டெய்லர் வயிற்றுக்கடுப்பு நோயில் இறந்தார். நாற்பதாண்டு உழைத்த தோட்டத்தை விட்டு விலகும்படி முதலாளிகள் அவருக்குச் சொல்லியிருந்த சமயம் அது. அவரும் ஒருவகையில் கூலிக்காரர்தான். பெரிய சரீரமுள்ள அவரைப் பெட்டியில் வைத்து, இருபத்து நான்கு தொழிலாளர்கள் இரண்டு குழுவாக மாறி மாறித் தோள் கொடுத்து, மலைவழியே கண்டிக்குச் சுமந்து சென்றார்கள். மகியாவை இடுகாட்டில் கல்லறை இருக்கிறது. அதில் பெயரும், தோட்டமும், இறந்த தேதியும், வயது ஐம்பத்தேழு என்பதும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. சுமந்தவர்கள் அவரைச் 'சாமி துரை' என்று அழைத்தார்கள் என்று நூல்கள் கூறுகின்றன. சுமந்தவர்களின் பெயர்களை எந்த நூலும் கூறவில்லை. எங்கள் மூத்தவர் வேலை செய்த தோட்டம் லூல்கந்துர அல்ல, அந்த இருபத்து நால்வரில் அவர் இல்லை. ஆனால் அந்த இருபத்து நால்வருக்கும் இன்று எங்கேயோ ஆயாக்களும் பேத்திகளும் இருப்பார்கள் அல்லவா? அவர்கள் எதைக் கொண்டு தேடுவார்கள்?

பெயர் எழுதி வைக்காததால் என்ன கெட்டுப் போயிற்று, பசிக்குச் சோறு கிடைத்தால் போதாதா என்று நண்பர் ஒருவர் என்னைக் கேட்டார். கெட்டுப் போனது நாடு. இலங்கை விடுதலை பெற்ற 1948-ஆம் ஆண்டிலேயே குடியுரிமைச் சட்டம் ஒன்று வந்தது. இலங்கையில் பிறந்தவனாயினும், தகப்பனும் இலங்கையில் பிறந்தவன் என்று காட்ட வேண்டும். இல்லையேல் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்ததைக் காட்ட வேண்டும். தோட்டத்து லயத்தில் பிறந்து, லயத்தில் செத்தவனுக்கு எங்கே பத்திரம்? அடுத்த ஆண்டு வந்த இன்னொரு சட்டத்தின்படி எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பம் போட்டும், ஏறத்தாழ 1,34,000 பேருக்கே குடியுரிமை கிடைத்தது. மற்றவர்கள் எந்த நாட்டுக்கும் உரியரல்லாதவராய் நின்றார்கள். 'கள்ளத்தோணி' என்ற வசையும் கூடவே வந்தது. 1964-ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகி, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று இரண்டு பிரதமர்கள் பங்கிட்டுக்கொண்டார்கள். மீதி ஒன்றரை இலட்சம் பேரை 1974-ல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். ஸ்காட்லாந்துக்காரருக்குக் குடும்ப வரலாறு ஓய்வு நேரப் பொழுதுபோக்கு. எங்களவர்க்கு அது தேர்வு, தோற்றால் கப்பல்.

அந்தத் தேர்வு இன்னும் முடிந்துவிடவில்லை. நான் கல்லூரியில் சேரும்போது சாதிச் சான்றிதழுக்காக அப்பா ஓர் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். "உங்க பாட்டன் இந்த ஊர்க்காரர்தான்னு என்ன ருசு?" என்று கேட்டார்கள். ஆயா டிரங்குப் பெட்டியைத் திறந்து, கண்டியிலிருந்த இந்தியத் தூதரகக் கிளை கொடுத்த குடும்ப அட்டையை எடுத்துத் தந்தாள். அதில் குடும்பத் தலைவராக மாமனார் பெயர், அவருடைய தகப்பன் பெயர், பூர்வீகம் அவலூர்பேட்டை, தென்னார்க்காடு ஜில்லா என்ற வரி. நான்கு முறை அலைந்தபின் சான்றிதழ் கிடைத்தது. மாமனாரின் பாட்டன் பெயர் மட்டும் அதில் இல்லை. அட்டை அங்கேயே நின்றுவிட்டது.

வேறு சான்றே இல்லையா என்று ஆயாவை நச்சரித்தேன். அப்போதுதான் அந்தக் காசின் கதை வெளிவந்தது. ஊரைவிட்டுப் புறப்பட்ட அன்று மூத்தவர், மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு வேண்டிக்கொண்டு ஒரு வெள்ளிக்காசை மஞ்சள் துணியில் முடிந்து எடுத்துச் சென்றாராம். திரும்பி வந்து செலுத்துவதாக நேர்த்தி. அவர் திரும்பவில்லை. மகன் திரும்பவில்லை. லயத்துக் கூரையில் செருகி வைத்த அந்த முடிப்பு மூன்று தலைமுறை அங்கேயே இருந்தது. ஒவ்வொரு மாசியிலும், மேல்மலையனூரில் மயானக் கொள்ளை நடக்கும் நாளில், தேயிலை மலையில் ஒரு கல்லை நட்டு அங்காளம்மன் என்று கும்பிட்டு, முடிப்பை மாற்றுத் துணியில் கட்டி வைப்பார்களாம். 1974-ல் இங்கே வந்த முதல் அமாவாசையன்று மாமனார் குடும்பத்தோடு மேல்மலையனூருக்கு நடந்து சென்று அதை உண்டியலில் போட்டுவிட்டு ஓவென்று அழுதாராம்.

"அதுல வருசம் போட்டிருந்துதா ஆயா? யாரு தல போட்டிருந்துது?"

"யாரு பாத்தா? நமக்குப் படிக்கத் தெரிஞ்சிருந்தாத்தான பாக்கறதுக்கு? கடன் தீந்துச்சி, அவ்ளோதான்."

ஆண்டு பொறித்த ஒரே ஆவணத்தையும் அம்மனிடம் கொடுத்துவிட்டார்கள்! வரலாற்று மாணவியாகிய என் மனம் பதறிற்று. ஆனால் நூறாண்டாய் நின்ற ஒரு நேர்த்தியைத் தீர்த்தவரிடம் போய், அதை அருங்காட்சியகத்துக்கு வைத்திருக்கலாமே என்று யாரால் சொல்ல முடியும்?

கடைசியாக மூத்தவரின் பெயரைக் கேட்டேன். ஆயா வாயைப் பொத்திக்கொண்டாள். "மாமனாரு பேரையே நான் வாயால சொன்னது கெடையாது. அவருக்குப் பாட்டன் பேர நான் எங்க போயி கேக்கறது?" தாத்தா இருந்தால் கேட்டிருக்கலாம். அவர் அப்பா சிறுவனாக இருக்கும்போதே போய்விட்டார்.

இந்த இடத்தில் நின்றுபோன கட்டுரையைத்தான் பேராசிரியரிடம் கொடுத்தேன். அவர் அதைத் தமிழ்த் துறைப் பேராசிரியர் அம்மையாரிடம் காட்டியிருக்கிறார். அம்மையார் என்னைக் கூப்பிட்டு, "பேரன் என்றால் என்ன பொருள்?" என்று கேட்டார்கள். விழித்தேன். "பெயரன் என்பதுதான் பேரன் ஆயிற்று. பாட்டன் பெயரைத் தாங்குபவன் பெயரன். தலைமகனுக்குப் பிறக்கும் மூத்த பிள்ளைக்குப் பாட்டன் பெயரிடுவது உங்கள் வீட்டு வழக்கம்தானே?" என்றார்கள்.

அன்று மாலை பேருந்தில் அவலூர்பேட்டை வந்து சேரும் வரை எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆயா வாசலில் மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். "ஆயா, உன் மாமனாரு வீட்டுக்கு மூத்த பிள்ளையா?"

"ஆமா, தலச்சன். அவங்கப்பாவும் தலச்சன்தான். ஏன்?"

"அவருக்குப் பேரு யாரு வெச்சாங்க?"

"பாட்டன் பேரத்தான் வெச்சாங்க. இது என்ன கேள்வி? ஊர்ல எல்லாரும் அப்பிடித்தான வெக்கறாங்க?" என்று சொல்லிவிட்டு, தொலியை முறத்திலிருந்து ஊதித் தள்ளினாள்.

டிரங்குப் பெட்டியைத் திறந்து குடும்ப அட்டையை எடுத்தேன். முதல் வரியில் இருந்தது. பற்றுக் கணக்கில் ஏறியதும், செக்ரோலில் கோடு வாங்கியதும், தாது வருஷத்தில் அவலூர்பேட்டை ஏரிக்கரை வழியே நடந்து போனதும் அந்தப் பெயர்தான். சத்தமாகப் படிக்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். ஆயா கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்தப் பெயரை இங்கேயும் எழுதவில்லை. மலர் அச்சாகி வந்ததும் இக்கட்டுரையை அவளுக்குப் படித்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன்.